சூடம் அடித்த கை

டாக்டர் பரமேஸ்வரன் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, ஓர் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதற்கு அவர் வாய் விட்டே சொல்லியிருக்கலாம்.

“கௌசல்யா, நீங்க கோதும சாப்பிடுறீங்க.”

“இல்ல டாக்டர்.”

“போன வருஷம் இந்த நம்பர் நார்மலா இருந்துச்சு. இப்ப பத்து மடங்கு. கோதும உள்ள போகாம இது ஏறாதும்மா.”

“சத்தியமா இல்ல டாக்டர். ஆறு வருஷமா ஒரு ரொட்டித் துண்டக்கூட நான் தொட்டதில்ல.”

எனக்கு இருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமையில் இருக்கும் பசைச் சத்து துளி உள்ளே போனாலும், என் உடம்பே என் சிறுகுடலை எதிரியாக நினைத்துத் தாக்கும். அது போதாதென்று மூன்று வருஷத்துக்கு முன்பு பெருங்குடலில் அழற்சி நோயும் வந்து சேர்ந்தது. புண், இரத்தம், எல்லாம் அதன் உபயம். மேல்வீட்டில் ஒருவர், கீழ்வீட்டில் ஒருவர் என்று என் வயிற்றில் குடியிருக்கிறார்கள். இரண்டு பேரும் கதவைத் தட்டினால் ஒரே மாதிரிதான் கேட்கும். யார் தட்டுகிறார் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் சட்டென்று தெரியாது. எட்டு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தின்று என் முகம் வீங்கியதுதான் மிச்சம். பதினோரு கிலோ இறங்கிவிட்டேன்.

“ரெண்டு மாசம் டைம் தரேன்,” என்றார் டாக்டர். “கோதும எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. அதுக்கப்புறம் மேலயும் கீழயும் ஸ்கோப் பண்ணிப் பாப்போம். அப்பவும் பெருங்குடல் இப்படியே இருந்தா சர்ஜன்கிட்டதான் அனுப்பணும். எடுத்துடுவாங்க.”

“எத டாக்டர்?”

“பெருங்குடல. முழுசா. அப்புறம் இங்க ஒரு பை.”

தாளில் ஒரு வயிற்றை வரைந்து, தொப்புளுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டுக் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பயத்தில்தான். எனக்கு முப்பத்தெட்டு வயது. புடவைக்குள்ளே மலப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொமுட்டர் ரயிலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

உணவு ஆலோசகர் ஹஸ்லினா, மலாய்க்காரப் பெண், தங்கமான மனுஷி. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு வாயில் போகும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வா என்றார். எழுதுவதற்கென்ன? என் வேலையே அதுதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில், வீடு விற்கும் வாங்கும் ஒப்பந்தங்களைப் படித்துப் பிழை பார்க்கிறேன். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பொடி எழுத்தை எல்லாம் நான் வரி விடாமல் படிப்பேன். சாப்பாட்டுப் பொட்டலங்களிலும் அப்படித்தான். கிச்சாப் என்ற சோயா சாற்றில் கோதுமை இருப்பதைக் கண்டுபிடித்து வீட்டை விட்டு விரட்டியவள் நான். என்னைப் பார்த்து அந்த டாக்டர் அப்படிச் சொல்கிறார்.

கிள்ளானுக்கு ரயிலில் திரும்பும்போது என் பயம் ஆத்திரமாக மாறிவிட்டது. நான் சாப்பிடவில்லை என்றால், யாரோ எனக்குக் கொடுக்கிறார்கள். வீட்டில் நானும் என் கணவர் விமலனும்தான். சனிக்கிழமைதோறும் காப்பாரிலிருந்து பஸ் ஏறி என் அம்மா இராஜம்மா சமைத்து எடுத்து வருவார். ஆக, சந்தேகப்பட இரண்டு பேர்.

முதலில் விமலன் மாட்டினார். துறைமுகத்தில் கொண்டேனர் லோரி ஓட்டுகிறார். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் என்றால் உயிர். ஆனால் என் நோய் தெரிந்த நாளிலிருந்து அதை மாமாக் உணவுக் கடையோடு வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் குழாயில் கையையும் வாயையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு அவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“சட்டையில ஒட்டியிருக்கிறத என்ன பண்ணுவீங்க? அந்தச் சட்டையோடதானே என் தலகாணியில சாயுறீங்க?”

“கௌசு, சட்டையில இருக்கிற மாவா உன் வயித்துக்குள்ள போவுது? என்ன லா நீ.”

“அப்ப எப்படிப் போவுது? நீங்களே சொல்லுங்க. நான் திருட்டுத்தனமா திங்கிறேனா?”

அவர் குழாயை மூடிவிட்டுத் துண்டைத் தேடினார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்கென்று தனியாக வைத்திருந்த ரொட்டி வாட்டும் இயந்திரத்தைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாளிலிருந்து மனிதர் ரொட்டி சானாயையே விட்டுவிட்டார். வெளியிலும் தொடுவதில்லை. என்னிடம் அதைச் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை அம்மா வந்தார். சுடச்சுடக் கீரைக் கூட்டு, மீன் குழம்பு. நான் மூடியைத் திறக்கவில்லை.

“மா, உங்க வீட்டுல சப்பாத்தி தேய்க்கிறீங்கல்ல? அந்தக் கையோடதானே இதையும் கிண்டுறீங்க?”

“உனக்குன்னு தனிச் சட்டி, தனி அகப்ப. உனக்குத் தெரியாதா? கைய மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுறேண்டி.”

“கழுவுனா எப்படி ஏறுச்சு? டாக்டர் சொல்றாரு என் குடல வெட்டி எடுக்கணும்னு. உங்க சாப்பாட்டத் தவிர வெளிச் சாப்பாடு எதையும் நான் திங்கிறதில்ல. உங்களால குடல் போவப் போவுது எனக்கு.”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். பயம் வந்தால் எனக்கு நாக்கில் நரம்பு இருக்காது.

அம்மா எழுந்து சாமி மேடைக்குப் போனார். தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். எனக்குப் புரிந்து “மா, வேணாம்” என்று எழுவதற்குள், வலது கையை ஓங்கி அந்தச் சுடரின் மேல் பட்டென்று அடித்து அணைத்தார்.

“என் கையால ஒரு பொட்டு கோதும உனக்குக் குடுத்திருந்தா, இந்தக் கை விளங்காமப் போவட்டும்.”

உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். சூடம் அடித்துச் சத்தியம் செய்வது அம்மாவுக்கு விளையாட்டல்ல. ரப்பர் தோட்டத்தில் பொய்ச் சத்தியம் செய்த ஒருவருக்கு ஆறு மாதத்தில் கண் போனது என்று அவர் சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சாமி மேடையில் கிடந்த அந்தத் தட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வயிறு வலித்தால் எப்போதும் செய்வதுபோல மோரைக் கலக்கி ஒரு கரண்டி பெருங்காயத் தூள் போட்டுக் குடித்துவிட்டுக் கட்டிலில் சுருண்டுகொண்டேன்.

அதன் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. எனக்கென்று புதுப் பானை, புதுக் கரண்டி, புதுத் தட்டு வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வளையலில் கோத்துக்கொண்டேன். பச்சரிசிச் சோறும் உப்பும் அவித்த பூசணிக்காயும் மட்டும் சாப்பிட்டேன். அப்படியும் கலக்கியது. ரயிலில் வேலைக்குப் போகும்போது இரண்டு தடவை பெட்டாலிங் ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். ஒரு தடவை ஓடியும் எட்டவில்லை. கழிப்பறைக்குள் நின்று புடவையை அலசியபோது இரத்தமும் சேர்ந்து போனது. கோதுமை வாசமே இல்லாத சாப்பாடு சாப்பிட்டும் இப்படி என்றால், இது கீழ்வீட்டுக்காரன் வேலைதான் என்று முடிவு கட்டினேன். டாக்டர் சொன்ன எண் எப்படியோ தப்பு. பெருங்குடல் போகப் போகிறது. ஆபீஸில் ஒப்பந்தத் தாள்களுக்கு நடுவே வயிற்றில் கையை வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் அந்த வட்டம் எங்கே வரும் என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வலி கூடக் கூட மோரும் கூடியது. காலையில், மத்தியானம், சாயங்காலம், படுக்கும்முன். அது ஒன்றுதான் கொஞ்ச நேரமாவது இதமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு ஹஸ்லினா முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து வந்தார். சோறு, உப்பு, பூசணி. சோறு, உப்பு, பூசணி. ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இதெல்லாம் வேறு கையெழுத்தாக இருக்கிறதே?” என்று மலாயில் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் விமலனின் கோணல் கையெழுத்து. “மோர், பெருங்காயம்.” “மோர், பெருங்காயம்.” ஒரு நாளுக்கு நாலு தடவை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை வேவு பார்க்கிறாரா இந்த மனிதர்? போன வாரம் அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. “மோர எழுதலையா கௌசு?” என்றார். “அது மருந்து. சாப்பாட்டத்தான் எழுதச் சொன்னாங்க,” என்று எரிந்து விழுந்தேன். அவரோ நான் இல்லாத நேரத்தில் தானே எழுதி வைத்திருக்கிறார்.

பெருங்காயம் என்றால் என்னவென்று ஹஸ்லினாவுக்குத் தெரியவில்லை. ஒரு செடியின் பிசின், வயிற்றுக்கு நல்லது, எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தொப்புளில் தடவுவோம் என்று விளக்கினேன்.

“சரி. லேபிளில் என்ன போட்டிருக்கிறது?”

“லேபிள் கிடையாது. அம்மா பாட்டிலில் போட்டுக் கொடுப்பார்.”

“லேபிள் இல்லாத ஒன்றையே ஒரு நாளைக்கு நாலு தடவை சாப்பிடுகிறீர்களா?” என்று மெதுவாகக் கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, ஆபீஸுக்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். ஹஸ்லினாவின் வாயை அடைக்க லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்றுதான் போனேன். மசாலாத் தட்டில் பெருங்காயத் தூள் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

முதல் சொல்லே கோதுமை மாவு. அடுத்தது கோந்து. பெருங்காயம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு டப்பா. கோதுமை மாவு. இன்னொன்று. கோதுமை மாவு. ஒரு டப்பா கை தவறிக் கீழே விழுந்தது. கடைக்காரர், “என்னக்கா, தலை சுத்துதா? ஒக்காருங்க,” என்று நாற்காலியைத் தள்ளினார். உட்கார்ந்தேன். எட்டு மாதம். வலிக்கும்போதெல்லாம் கோதுமை மாவைக் கரைத்து நானே குடித்திருக்கிறேன். குடித்ததால் வலித்தது. வலித்ததால் குடித்தேன். சாவி போட்டுப் பூட்டியிருந்த பெட்டிக்கு வெளியே, அடுப்பு மேடையில், அந்தப் பாட்டில் பத்திரமாக இருந்தது.

அம்மாவிடம் உடனே போன் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விமலனைப் பேச்சோடு பேச்சாகக் கேட்கச் சொன்னேன். முன்பெல்லாம் அம்மா பிசின் கட்டியாக வாங்கி, அம்மியில் தட்டிக் கொடுப்பாராம். போன வருஷக் கடைசியில் விரல் மூட்டு வலி வந்து தட்ட முடியாமல் போனதால், கிள்ளான் பாசாரில் தூளாகவே வாங்கிப் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எட்டு மாதக் கணக்கு சரியாக இருந்தது.

“அத்தகிட்ட சொல்லிடு கௌசு,” என்றார் விமலன்.

“எப்படிச் சொல்ல? சூடம் அடிச்சுட்டுப் போயிருக்காங்க.”

“அவங்களுக்குத் தெரியாமத்தானே?”

“அவங்க அப்படி நினைக்க மாட்டாங்க. நான் இதச் சொன்னா, அன்னியிலேருந்து கை விழுந்துடும்னு நினைச்சே விழுந்துடுவாங்க.”

விமலன் போனை மேசையில் வைத்தார். “கை இப்ப ரொம்ப வீங்கியிருக்காம். கரண்டி பிடிக்க முடியலயாம்,” என்றார்.

மூட்டு வலி முன்பே இருந்தது, வயசு, குளிர் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தம் படிக்கிற புத்தி எல்லாக் காரணத்தையும் அடுக்கியது. ஆனால் கண்ணை மூடினால் சூடத்தின் மேல் விழுந்த அந்தக் கைதான் தெரிந்தது. விமலனிடம் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அப்ப நாளைக்கு ரொட்டி சானாய் சாப்பிடலாமா?” என்றார். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை போனில் நலம் விசாரித்தோம். இரண்டு பேரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. அவர் காப்பாரிலிருந்து வரவும் இல்லை.

பெருங்காயத்தை நிறுத்தி இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டு தடவை ஆறானது. பிறகு நாலு. நான் சந்தோஷப்படப் பயந்தேன். இரத்தம் முழுதாக நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரன் இன்னும் உள்ளே இருந்தான். அவன் எவ்வளவு இடித்திருக்கிறான் என்பது ஸ்கோப்பில்தான் தெரியும்.

அந்த நாளும் வந்தது. முதல் நாள் முழுக்கப் பட்டினி, பேதி மருந்து. மயக்க ஊசி போடும்போது, கண் விழிக்கையில் பெருங்குடல் எனக்கு மிஞ்சுமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது டாக்டர் பரமேஸ்வரன் கட்டில் ஓரத்தில் நின்றார். “சிறுகுடல் உள்சுவரு இன்னும் மொட்டையாத்தான் இருக்கு, சத்து உறிஞ்சுற இழைங்க வளர நாளாகும். பெருங்குடல்ல புண்ணு ஆறிட்டு வருது. இரத்த நம்பரும் பாதியா இறங்கிருச்சு. சர்ஜன் இப்ப வேணாம்மா.”

“இப்ப வேணாமா, எப்பவுமே வேணாமா டாக்டர்?”

“இப்ப வேணாம்,” என்றார் மறுபடியும். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும்.

அவர் போனதும் திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். விமலன் சொல்லி, தானே பஸ் பிடித்து, ரயில் மாறி வந்திருக்கிறார். வலது கை மணிக்கட்டு வரைக்கும் துணி சுற்றி, தைல வாசம் அடித்தது. இடது கையில் ஒரு பிளாஸ்க். என் முகத்தைப் பார்க்காமல், மேசையில் அதை வைத்து மூடியைத் திருகினார்.

“ரெண்டு நாளா வயிறு காய்ஞ்சு கெடக்கும். வெறும் மோருதான். நீ குடுத்த சட்டியிலதான் கலக்குனேன். பெருங்காயம் நெறையப் போட்டிருக்கேன், இதமா இருக்கும்.”

மூடியில் ஊற்றி, துணி சுற்றிய கையாலும் தாங்கிப் பிடித்து என்னிடம் நீட்டினார். ஏழு வாரத்துக்குப் பிறகு சமாதானமாகி வந்திருக்கிறார். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஆனால் அந்த வாசமும் வந்தது. கையை நீட்டவே முடியவில்லை.

“இன்னும் என்னச் சந்தேகப்படுறியாடி?” என்றார். கண் கலங்கிவிட்டது.

இனி மறைக்க முடியாது. சொன்னேன். டப்பாவின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் பற்றி, நாலு வேளை மோரைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மூடியைப் பிடித்தபடியே நின்றார். மோர் தளும்பிக் கட்டில் விரிப்பில் சொட்டியது. பிறகு துணி சுற்றிய கையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத பயம் இருந்தது.

“அப்ப நான் பண்ணது பொய்ச் சத்தியமா?”

“இல்ல மா. என் கையால குடுத்திருந்தான்னு தானே சொன்னீங்க? நீங்க பாட்டிலத்தான் குடுத்தீங்க. மோருல போட்டது நான். கலக்குனது நான். குடிச்சது நான். எல்லாம் என் கையாலதான். உங்க சாப்பாட்டுல ஒரு பொட்டு இல்ல மா.”

அம்மா கையிலிருந்த மூடியைக் குனிந்து பார்த்தார்.

“இப்ப குடுத்துட்டு இருந்தேனேடி,” என்றார். “இப்ப என் கையால குடுத்துட்டு இருந்தேனே.”

“குடிக்கலையே மா.”

அவர் மூடியையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த கழுவு தொட்டிக்குப் போனார். எல்லாவற்றையும் கொட்டினார். தாதியிடம் ஒரு புதுக் காகிதக் கப் கேட்டு வாங்கிச் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் என்னிடம் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய், வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“சுடுதண்ணிதான். நீயே எடுத்துக் குடி.”

“நீங்க குடுங்க மா.”

“வேணாண்டி. பயமா இருக்கு.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. நீங்களே குடுங்க.”

முந்தானையிலிருந்து அந்தக் கை வெளியே வர நேரமாயிற்று. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. கப்பைத் தட்டுத் தடுமாறிப் பிடித்து, பாதியைச் சிந்திக்கொண்டே என் வாயருகில் கொண்டுவந்தார். மீதித் தண்ணீரை அந்தக் கையாலேயே குடித்தேன்.